தலைவர் படுத்த கட்டில்

அந்த வீட்டில் காற்று வரும் அறை ஒன்றே ஒன்றுதான். அதில் தங்கியிருந்தவர் செத்து எத்தனையோ காலமாகிவிட்டது. கடல் தாண்டிய ஒரு நாட்டின் விடுதலைத் தலைவர் அவர். சொந்த நாட்டில் அவர் தலைக்கு விலை வைத்திருந்த நாட்களில், இந்த மாடியறையில்தான் ஒளிந்திருந்தார். பிறகு அவர் நாடு விடுதலை பெற்றது, அறை நினைவிடமானது. சிறுபிள்ளையாக அவர் மடியில் ஏறி விளையாடிய வீட்டுப் பெரியவர், தாமே மனமுவந்து கொடுத்த அறை. வீட்டார் கீழே இரண்டு இருட்டறைகளுக்குள் முடங்கிக்கொண்டார்கள்.

மருமகள்தான் தினமும் மாடியைப் பெருக்குவாள். ஜன்னலைத் திறப்பாள், கட்டில் விரிப்பை உதறிப் போடுவாள். கீழே ஜன்னலே இல்லாத பின்னறையில் மாமனார் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருப்பார். இல்லாத மனுஷனுக்குக் காற்று, இருக்கிற மனுஷனுக்குப் புழுக்கம். நல்ல நியாயம்தான்!

“காத்தோட்டமான இடத்துல படுக்க வைங்க” என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். சொல்கிறவருக்கு வாயா வலிக்கிறது? கணவனுக்கு வெளியூரில் வேலை. ராத்திரியெல்லாம் மாமனாரை நிமிர்த்தி உட்காரவைத்து முதுகைத் தடவுகிறவள் அவள். அசந்து தூங்குவது எப்படியிருக்கும் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

“மேல வந்து படுங்க மாமா.”

“அந்தக் கட்டில்லயா? அப்படிச் சொன்னா நாக்கு அழுகிடும். தலைவர் படுத்த இடம்மா அது.”

“அவர்தான் இப்போ படுக்கலையே.”

“வாயை மூடு.”

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஆள். அவளுக்கு மல்லுக்கட்டவும் தெம்பில்லை.

தலைவரின் நினைவு நாளன்று அந்நாட்டுத் தூதர் மாலையோடு வந்தார். வயதானவர். காலையிலிருந்து ஒவ்வொரு கூட்டமாகப் போய்ப் பேசிவிட்டு வந்திருந்தார். படியேறியதும் முகம் வெளுத்துவிட்டது. படத்துக்கு மாலை போட்டார். ‘ஒரு நிமிஷம்’ என்று கையால் காட்டிவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் சாய்ந்தார். சாய்ந்தவர் குறட்டைவிட ஆரம்பித்தார். கூட வந்த உதவியாளருக்கு எழுப்பவும் பயம், விடவும் பயம். கதவருகே கையைப் பிசைந்துகொண்டு நின்றார். மருமகளுக்குக் கோபம் வரவில்லை. பொறாமையாக இருந்தது.

கண்விழித்த தூதர் வெட்கத்தோடு ஏதோ சொன்னார்.

“மன்னிச்சுக்கச் சொல்றார்மா” என்றார் உதவியாளர்.

கார் கிளம்பியதும் அவள் நேரே பின்னறைக்குப் போனாள்.

“மாமா, தூதர் தலைவர் கட்டில்ல படுத்துத் தூங்கிட்டுப் போறார்.”

கிழவரின் கண்கள் விரிந்தன. “அவங்க நாட்டு ஆளேவா?”

“அவங்க ஆளேதான். குறட்டை வேற.”

திட்டப்போகிறார் என்று நின்றாள்.

“நல்லா மூச்சு விட்டாராம்மா?” என்று கேட்டார் கிழவர்.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இத்தனை நாளும் மனுஷன் ஆசையை அடக்கிக்கொண்டுதான் கிடந்திருக்கிறார். “எழுந்திருங்க” என்று தோளைக் கொடுத்தாள்.

படிக்குப் படி நின்று ஏறினார்கள். ஜன்னல் பக்கம் தலைவைத்துப் படுத்த கிழவருக்கு, கொஞ்சம் கொஞ்சமாக இழுப்பு தணிந்தது.

“நாளைக்கு யாராவது பார்க்க வந்தா என்னம்மா சொல்லுவே?”

திரும்பிப் பார்த்தார். தரையில் உட்கார்ந்தபடியே, கட்டில் சட்டத்தில் தலை சாய்த்து அவள் தூங்கிப்போயிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது.

அவருக்கு இருமல் வந்தது. போர்வையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார்.