மார்ஜரியின் நான்கு நிமிடங்கள்

மார்ஜரி நாற்பது வருடம் லண்டன் மேடைகளிலும் சினிமாவிலும் நடித்தவள். ஒரு தடவைகூடக் கதாநாயகி இல்லை. சமையல்காரி, தாதி, பிணத்தை முதலில் பார்த்து அலறுகிற பக்கத்து வீட்டுக்காரி, இப்படியே காலம் போயிற்று. முகத்துக்காக யாரும் கூப்பிடவில்லை, குரலுக்காகத்தான் கூப்பிட்டார்கள். ஜெர்மன்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டு ஜெர்மனியின் ஹம் நகருக்கு வந்தாள். அவரும் போய்ச் சேர்ந்த பிறகு முதியோர் இல்லம். போன வருடம் வந்த பக்கவாதம் அந்தக் குரலையே பறித்துக்கொண்டது. கடவுளுக்கு இடம் பார்த்து அடிக்கத் தெரிந்திருக்கிறது.

அங்கே அவளைக் குளிப்பாட்டி உடுப்பு மாற்றுகிறவள் சந்திரா என்ற தமிழ்ப் பெண். ஒரு நாள் மார்ஜரி இடக்கையால் தாளில் கிறுக்கினாள்: "என் குரல் எனக்கே மறந்துவிட்டது. ஒரு தடவை கேட்க வேண்டும்."

சந்திராவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மார்ஜரி நடித்த படங்களைத் தேடி, பழைய டிவிடி விற்கும் கடையெல்லாம் ஏறி இறங்கினாள், ஒன்றும் அகப்படவில்லை. மூன்றாம் மாதம் தொலைக்காட்சி இதழில் அவற்றில் ஒரு படத்தின் பெயரைக் கண்டதும் அறைக்கு ஓடினாள். அந்த அவசரத்தில் ஜெர்மன் வரவில்லை, தமிழ்தான் வந்தது.

"அம்மா, ஞாயிற்றுக்கிழமை உங்கட படம் போடுறாங்கள்! உங்கட குரலைக் கேக்கப்போறியள்!"

மார்ஜரி இதழைப் பார்த்தாள். சந்திராவைப் பார்த்தாள். பிறகு சிரித்துத் தலையாட்டினாள்.

ஞாயிறு சந்திராவுக்கு லீவு. இருந்தும் வந்தாள். மார்ஜரிக்கு உதட்டுச்சாயம் பூசி, முத்துமாலை போட்டு, சக்கர நாற்காலியில் கூடத்தின் முன்வரிசைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். திரையில் இளம் மார்ஜரி கதவைத் திறந்தாள், வாயைத் திறந்தாள். யாரோ ஒருத்தியின் தடித்த ஜெர்மன் குரல் வந்தது.

தமிழ்ப்பட நாயகிகளுக்கு வேறு பெண்கள் குரல் கொடுப்பது சந்திராவுக்குத் தெரியும். முப்பது வருடமாக ஜெர்மன் தொலைக்காட்சி பார்த்தும், வெள்ளைக்காரருக்கும் அதுதான் கதி என்று யோசித்ததே இல்லை.

நான்கு நிமிடத்தில் மார்ஜரியின் பாகம் முடிந்தது. கூடம் கைதட்டியது.

"என்ன அழகான குரல் உனக்கு!" என்றார் பக்கத்திலிருந்த கிழவர்.

மார்ஜரி நெஞ்சில் கைவைத்து, மேடையில் செய்வது போலவே மூன்று தரம் தலை வணங்கினாள்.

அறைக்குத் திரும்பியதும் சந்திரா கேட்டாள். "குரல் வேற ஆளெண்டு உங்களுக்கு முதலே தெரியுமோ?"

மார்ஜரி எழுதினாள்: "தெரியும். நீ அவ்வளவு சந்தோஷமாக ஓடிவந்தாய். எப்படிச் சொல்வேன்?"

சந்திரா அவள் மடியில் முகம் புதைத்து விம்மி அழுதாள். அழாதே என்று சொல்ல மார்ஜரி வாயெடுத்தாள். கரகரவென்று ஒரு முனகல்தான் வந்தது. அவளுடைய சொந்தக் குரல் அதுதான். அதை இரண்டு பேரும் கேட்டார்கள்.