ஒரு சாண் சுவர்

1

பத்திரிகைக்காரர் ஒருவர் என்னிடம் கேட்டது கட்டுரைதான்: இந்த நகரத்தின் கலைத்தெரு, ஆயிரம் சொல்லுக்குள். பார்த்துவரக் கிளம்பும்போது அக்காவும் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள். கட்டுரை கெட்டது.

‘மாநகரின் கலை இதயம் துடிக்கும் அந்தத் தெருவில்…’

(சகிக்கவில்லை. மேலே போவோம்.)

2

வரிசையாகப் பழைய கிடங்குகள். ஒன்றில் நாடக ஒத்திகை. அடுத்ததில் சைக்கிள் செயினை வைத்துக் குதிரை செய்கிறார்கள். மாடியில் யாரோ டிரம்பெட்டைப் படாதபாடு படுத்துகிறார்கள். டர்பன்டைன் வாசனை மட்டும் அப்படியே இருந்தது. கல்யாணமாகி வெளியூர் போகும்வரை அக்கா இங்கேதான் ஓர் அறையில் படம் வரைந்துகொண்டு இருந்தாள். லீவு விட்டால் நானும் அங்கேதான். அவ்வளவு சந்தோஷமாக அப்புறம் எங்கேயும் இருந்ததில்லை.

3

அவள் கடைசியாக வரைந்த சுவர் இன்னும் இருந்தது. ஜன்னலில் ஒருவர்: அக்கா ஆசைப்பட்டு, கட்டிக்கொள்ளாமல் போன மனிதர். கீழே படிக்கட்டில் முன்பல் விழுந்த சிறுமியாக நான்.

ஏணிமேல் வெள்ளை பெயிண்டோடு ஒரு பெண். “நீங்க வரைஞ்சதாக்கா? இன்னிக்கு என் முறை. எந்த இடத்த விடட்டும்?”

தெருவின் வழக்கம் அது. பழைய படத்தின் மேல் யாரும் வரையலாம்; ஒரு சாண் மட்டும் விட்டுவைக்க வேண்டும். எதை என்று வரைந்தவர் சொன்னால் அதுதான்.

(இங்கே அக்கா அழுதாள் என்று எழுதினேன். பொய். “இவ்ளோ நாள் தாங்கிச்சே!” என்று சிரித்தாள்.)

4

முடிவு அ: அந்த ஒரு சாணில் என்னை வைத்துக்கொள்கிறாள். எனக்குப் பிடித்திருக்கிறது, அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது.

முடிவு ஆ: ஜன்னல்காரரை. ஐயோ, அத்தான் இதைப் படிப்பாரே!

நடந்தது இது. அக்கா பிரஷ்ஷை வாங்கி, முட்டிவலியோடு ஏணியேறி, வானம், கூரை, படிக்கட்டு எல்லாவற்றுக்கும் தானே வெள்ளையடித்தாள். இரண்டு முகம் மிஞ்சியது. கையை விரித்து வைத்துப் பார்த்தாள். ஒன்றுதான் அடங்கியது.

“நீ சொல்லுடி.”

“உன் படம்க்கா. நீதான் சொல்லணும்.”

“உங்க ரெண்டு பேரையும் விட்டுட்டுப் போனவ நான். அதையே திரும்பவும் பண்ணச் சொல்றியா?”

பெயிண்ட் அவள் முழங்கை வரை வழிந்தது.

5

எந்த முகம் போனது என்று எழுத மாட்டேன். ஒரு சாண் இருக்கிறது, நீங்களே ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். என்னை வையுங்கள் என்று நான் கேட்கக் கூடாது.

கேட்கிறேன்.