முந்தும் கால்

"முந்திட்ட" என்றார் அவர்.

அவள் மிதியிலிருந்து காலை எடுத்தாள். விடிந்ததிலிருந்து இதே சொல்தான். கணவர் கட்டிலில் தலையணைகளில் சாய்ந்திருந்தார். மடியில் கிட்டார், இடது கையில் தந்திமேல் வழுக்க விடும் இரும்புக் குழாய். கிட்டாரின் சத்தம் கட்டிலுக்கடியில் இருந்த சின்ன ஒலிபெருக்கிப் பெட்டியிலிருந்து வரும்; அதைக் கூட்டவும் குறைக்கவும்தான் அந்த மிதி. போன மாதம் வந்த பக்கவாதம் வலது காலைக் கொண்டுபோய்விட்டு, கைகளையும் வாயையும் விட்டுவைத்திருந்தது. வாயைக் கொண்டுபோயிருக்கலாம் என்று அவளுக்கு அன்று இரண்டு முறை தோன்றியது.

"நான் தந்தியைத் தட்டுறது யாருக்கும் கேக்கக் கூடாது. தட்டினப்புறம் நீ மெதுவா அழுத்தணும். சத்தம் எங்கேருந்து வந்துச்சுன்னே தெரியாம வரணும். அது அடங்குற வரைக்கும் காலை எடுக்காதே."

"எனக்குத் தெரிஞ்ச மிதியில காலுதான் முதல்ல. அப்புறந்தான் ஊசி."

அவள் தையல்காரி. துணியைத் தொட்டதுமே கால் கிளம்பிவிடும். அதைப் போய் இந்த வயதில் காத்திரு என்றால் கேட்குமா?

எல்லாம் வானொலியில் அவர் எப்போதோ கேட்ட ஒரு வாத்தியத்தால் வந்த வினை. மேசை மாதிரி இருக்குமாம். காலுக்கு மிதிகள், முழங்காலுக்கு நெம்புகோல்கள். ஒரு தந்தி நின்ற இடத்தில் நிற்க, பக்கத்துத் தந்தி மட்டும் வழுக்கிக்கொண்டு மேலே ஏறும். அதை வாங்க வழியில்லை. இருக்கிற கிட்டாரிலேயே வரவழைக்கிறேன் என்று குளியலறைக் கதவின் கீலைக் கழற்றி, தந்திகள் முடியும் இடத்தில் பொருத்தினார். உள்ளங்கையால் அழுத்தினால் ஒரு தந்தி மட்டும் இழுபடும். கதவு இன்றுவரை மிச்சமிருக்கும் கீலில் தொங்குகிறது.

கச்சேரிகளில் கூட வாசித்த கீபோர்டுக்காரர் சிரிப்பார். "ஒரு பட்டனை அழுத்தினா வந்துடும்ணே. எதுக்கு இந்தப் பாடு?" அவர் இன்று சாயங்காலம் வருகிறார். அவர் முன்னால் காலையிலிருந்து பழகும் அந்தச் சின்ன இசைத் துண்டை ஒரு தடவை சரியாக வாசித்துவிட வேண்டும். கணவருக்கு வேறு ஆசையே இல்லை.

மறுபடி தட்டினார். அவள் அழுத்தினாள்.

"முந்திட்ட."

"அப்போ என் காலை வெட்டி நீங்களே ஒட்டிக்கோங்க" என்று எழுந்து பால்கனிக்குப் போய்விட்டாள்.

அழுகையாக வந்தது. அதற்கும் கோபமாக வந்தது. காய்ந்த துணிகளை இழுத்து இழுத்து எடுத்தாள். உள்ளே மிதியை அழுத்த ஆளில்லாமல் வெறும் கம்பிச் சத்தம் கேட்டது. கீல் ஒருமுறை முனகியது. பிறகு அதுவும் நின்றது. முறைத்துக்கொண்டிருக்கட்டும் என்று துணிகளை நிதானமாக மடித்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள்.

உள்ளே போனபோது குழாய் தரையில் உருண்டு கிடந்தது. இரண்டு முறை கூப்பிட்டாள். பிறகுதான் தொட்டாள்.

சாயங்காலம் கீபோர்டுக்காரர் வந்தார், சொன்னபடியே. டாக்டர் பார்த்துவிட்டுப் போயிருந்தார். பக்கத்து வீட்டுப் பெண்கள் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். அவளும் காலையில் உட்கார்ந்த அதே நாற்காலியில்தான் இருந்தாள். வேறு நாற்காலி காலியாக இல்லை.

"வண்டி வந்துட்டிருக்கு. தூக்கறப்போ இது காலைத் தட்டும், ஓரமா வைக்கறேன் அண்ணி" என்று கீபோர்டுக்காரர் கட்டிலருகே சாய்ந்திருந்த கிட்டாரைத் தூக்கினார். சட்டைப் பொத்தான் தந்தியில் உரசியது.

அவள் கால் ஒரு கணம் சும்மா இருந்தது. பிறகு மெதுவாக மிதியில் இறங்கியது.

கட்டிலுக்கடியில் யாரும் அணைக்காத சின்னப் பெட்டியிலிருந்து ஒரு ஓசை கிளம்பி அறை முழுவதும் நிறைந்தது. பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். கீபோர்டுக்காரர் கிட்டாரை நெஞ்சோடு பிடித்தபடி கூரையைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார்.

"எங்கேருந்து வருது இது?"

இப்போது சரியாக வந்து யாருக்கு வேண்டும் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓசை மெலிந்துகொண்டே போயிற்று. வாசலில் வண்டி வந்து நின்றது. யாரோ அவள் தோளைத் தொட்டு எழச் சொன்னார்கள்.

அவள் காலை எடுக்கவில்லை.