வாங்கன்னு ஒரு வார்த்தை

மதுரையில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் நின்று, போகிறவர் வருகிறவரையெல்லாம் உள்ளே கூப்பிடுவதுதான் நல்லகாமனுக்கு வேலை. பஸ்ஸுக்கு ஓடுகிறவனைக்கூட மறித்து வேட்டி எடுக்க வைத்துவிடுவான் என்று பேர். அப்பேர்ப்பட்டவன் அன்றைக்கு எழுமலையில் ஒரு வீட்டில், பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் வாயடைத்து உட்கார்ந்திருந்தான்.

எல்லாம் மீனாவுக்காக. அதே கடையில் பில் போடுகிற பெண். ரெண்டு பேருக்கும் பிடித்துப்போய், அவள் வீட்டிலும் சொல்லிவிட்டாள். அப்பா பேயாண்டி குதிக்கவில்லை. பையனைத் தனியாக வரச் சொல், ஒரு தடவை பார்க்கிறேன், மனசுக்குச் சரியென்று படவில்லை என்றால் அப்புறம் இந்தப் பேச்சே கூடாது என்றார். அவர் கூடாது என்றால் கூடாதுதான்.

கூட வேலை பார்க்கும் ஜுல்பிகர் ஒரு வாரமாகப் பாடம் எடுத்திருந்தான். நிமிர்ந்து உட்காரு, காலை ஆட்டாதே, போனைத் தொடாதே, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு, நேரத்துக்கு முன்னாடியே போயிரு. அந்தக் கடைசிப் புத்திமதிதான் வினையாகிவிட்டது. ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி, சொன்ன நேரத்துக்கு ஒரு மணி முன்னாலேயே வந்து இறங்கிவிட்டான். பேயாண்டியோ, வருகிறவனுக்குச் சேவும் கலர் சோடாவும் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். மீனாவின் அம்மாதான் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார்.

வாசலில் நிழல் தட்டியது. தோளில் துண்டும் கையில் பையுமாக ஓர் ஆள் படியேறினார். யார், என்ன என்று புத்தி யோசிப்பதற்குள் நல்லகாமனின் உடம்பு எழுந்துவிட்டது. முகமெல்லாம் பல்லாக, கை தானாகக் குவிந்தது.

"வாங்கண்ணே, வாங்க. உள்ள வாங்க. பையக் குடுங்க. உக்காருங்க, என்ன பாக்குறீங்க?"

பையை வாங்கியும்விட்டான். பேயாண்டியும் திகைப்பில் கொடுத்துவிட்டு, தன் வீட்டில், தன் நாற்காலியில், விருந்தாளி மாதிரி உட்கார்ந்தார். அடுக்களை வாசலில் மீனா தலையில் அடித்துக்கொண்டாள். அப்போதுதான் இவனுக்கு உறைத்தது.

"அண்ணேன்னுட்டியேப்பா," என்றார் பேயாண்டி. "அப்ப என் மக உனக்கு மக முறையில்ல ஆகுது?"

நல்லகாமன் பையைச் சட்டென்று கீழே வைத்தான். கடையில் பொழுதன்னைக்கும் இதையே சொல்லிச் சொல்லி வாய்க்கு வந்துவிட்டது, மன்னித்துவிடுங்கள் என்று உளறினான். எல்லாருக்குமா சொல்லுவாய் என்று அவர் கேட்டார். எல்லாருக்கும்தான், வெயிலுக்கு ஒதுங்குகிறவர்களுக்கும் சேர்த்து என்றான். காரியம் கெட்டது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. மீனாவை நிமிர்ந்து பார்க்கவும் தைரியமில்லை.

பேயாண்டி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இந்த வீட்டக் கட்டுனதுலேருந்து ஏறி எறங்குறேன். உள்ள நுழையுமுன்ன மோட்டாரை நிப்பாட்டியாச்சா, அரிசி வந்துச்சான்னு கேப்பாக. வாங்கன்னு ஒரு வார்த்தை யாரும் கேட்டதில்ல."

வீட்டுக்காரரை யாராவது வாங்கன்னு கேட்பார்களா என்று மனைவி முணுமுணுத்தார்.

"கேட்டா நல்லாத்தான இருக்கு," என்றார் அவர்.

சொல்லிவிட்டு எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று தெருவில் இறங்கினார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்து நல்லகாமன் வாசலுக்கு ஓடினான். அவரோ தெருவில் நின்று திரும்பி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"இப்ப முறையா வாங்கன்னு கேளு."

ஊரையே கூப்பிட்ட வாய், அந்த ஒரு மனிதரைக் கூப்பிடத் தடுமாறியது. பிறகு கையைக் கூப்பினான்.

"வாங்க மாமா."

"வாரேன் மாப்ள," என்று பேயாண்டி நிதானமாகப் படியேறினார்.