ஒன்பது ஐந்து வண்டி

இரண்டு மாதமாக காலை எட்டுப் பத்து மணி பஸ் ஊர்ந்துகொண்டிருந்தது. வேகத்தடை வந்தால் முன்சக்கரத்தை மெல்ல ஏற்றி, மெல்ல இறக்கி, ஒரு மூச்சு விட்டுவிட்டுத்தான் பின்சக்கரத்துக்கு வரும். பள்ளம் கண்ட இடத்தில் ஒதுங்கும். ஒதுங்க வழியில்லாவிட்டால் நின்று யோசிக்கும். மார்க்கெட் நிறுத்தத்துக்கு எட்டு ஐம்பத்தைந்துக்குப் போய்ச் சேரவேண்டிய வண்டி, ஒன்பது பத்துக்குத் தலையைக் காட்டினால் அன்றைக்கு நல்ல நாள்.

"இது பஸ்ஸா, இல்ல பஸ்ஸுக்கே ஏழு மாசமா?" என்று டிராயிங் மாஸ்டர் ஒருநாள் உரக்கக் கேட்டார். ஒன்பது மணிக்குப் பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போடவேண்டிய மனிதர், கேட்காமல் என்ன செய்வார்? வண்டியே சிரித்தது. டிரைவருக்கு நேர் பின்னால், முதல் இருக்கையில், முதுகுக்குத் தலையணை வைத்து உட்கார்ந்திருந்தவளும் சிரித்தாள். ஏழு மாதம் அவளுக்குத்தான். வண்டியை ஓட்டுகிறவன் அவள் கணவன்.

மார்க்கெட்டுக்கு எதிரே மூக்குக்கண்ணாடிக் கடையில் அவளுக்கு வேலை. கல்யாணமாகி நாலு வருஷம் கழித்து வயிற்றில் வந்த பிள்ளை. அவன் அவளைத் தாங்கிய விதத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். துடைப்பத்தை எடுக்கக் குனிந்தால் ஓடிவருவான். பக்கெட்டைத் தொட்டால் முறைப்பான். தன் நகத்தை வெட்டவே சோம்பல்படுகிற ஆள், வாரம் தவறாமல் அவள் கால்நகத்தை வெட்டிவிட்டான். பஸ்ஸிலும் அதே கதைதான். தலைக்கு மேலிருக்கும் கண்ணாடியில் நிமிஷத்துக்கு ஒருதரம் அவள் முகத்தைப் பார்ப்பான். ரொம்ப ஆடுதா என்று புருவத்தாலேயே கேட்பான். இல்லை என்று அவள் தலையசைப்பாள். நாற்பது பேரை ஏற்றிய அத்தனை பெரிய வண்டியைத் தனக்காக ஒருவன் பூப்போல ஓட்டுகிறான் என்றால் எந்தப் பெண்ணுக்குத்தான் உச்சி குளிராது? அவளுக்கும் குளிர்ந்தது.

அன்று பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரியில் செக்கப். அதுவரை கடையில் இருந்துவிட்டு டாக்சியில் போவதாகத் திட்டம். வண்டியை விட்டு இறங்கிக் கடைக்குள் கால் வைத்ததும் போன் வந்தது. டாக்டருக்கு அவசரமாக ஒரு ஆபரேஷன் வந்துவிட்டது, இப்போதே வந்தால் பார்த்துவிடலாம் என்றாள் நர்ஸ்.

"நீ கிளம்பும்மா, நான் பாத்துக்கறேன்" என்றார் கடை முதலாளி.

வெளியே வந்து பார்த்தால், எதிரே அவன் வண்டி இன்னும் நின்று உறுமிக்கொண்டிருந்தது. ஒன்பது ஐந்துக்குத் திரும்பவேண்டிய வண்டி. மணி ஒன்பது பதினேழு. ஆஸ்பத்திரி அந்த வழியில்தான். முன்வாசல்வரை நடக்க நேரமில்லாமல் பின்வாசலில் ஏறினாள். இறங்கும்போது முன்பக்கமாகப் போய் நின்று அவனைத் திகைக்க வைக்கலாம் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டாள்.

கடைசிக்கு முந்தின வரிசையில் ஒரு பெண் அவள் வயிற்றைப் பார்த்துவிட்டு நகர்ந்து இடம் விட்டாள். அந்தப் பெண்ணுக்கு வயிறு இன்னும் பெரிதாக இருந்தது. தலைமுடியில் மாவு ஒட்டியிருந்தது. ரொட்டித் தொழிற்சாலையில் ராத்திரி ஷிஃப்ட் முடித்து வீட்டுக்குப் போகிறவள்.

"உக்காருங்கக்கா. இந்த வண்டிக்குப் புதுசா?"

"ம்" என்றாள் அவள், விளையாட்டாக.

"அப்ப முன்னாடி கம்பிய ரெண்டு கையாலயும் புடிச்சுக்கங்க. நான் சொல்றப்ப சீட்ட விட்டு லேசா எழுந்துக்கணும். சரியா?"

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அதற்குள் வண்டி பாய்ந்தது.

கிளம்பிய வேகத்தில் நின்றுகொண்டிருந்தவர்கள் எல்லோரும் ஒரு பக்கமாகச் சாய்ந்தார்கள். முதல் திருப்பத்தில் யாருடைய பையோ இருக்கைக்கு அடியில் உருண்டோடியது. "இப்ப ஒண்ணு வரும், எழுந்துக்கங்க" என்றாள் அந்தப் பெண். எழுந்தார்கள். வேகத்தடையில் வண்டி தூக்கிப் போட்டது. அவள் ஒரு கையைக் கம்பியிலிருந்து எடுத்து வயிற்றில் வைக்கப் போனாள்.

"கைய எடுக்காதீங்க. இன்னொண்ணு இருக்கு."

அந்தப் பெண்ணுக்கு அந்த வழியில் எல்லாம் மனப்பாடம். இத்தனை திருப்பம், இத்தனை மேடு, எந்த இடத்தில் பிரேக் அடிப்பான் என்பதுவரை. வீட்டிலிருந்து கொண்டுவந்த கம்பளியை நாலாக மடித்து இருக்கையில் போட்டு உட்கார்ந்திருந்தாள். அதில் பாதியை உருவி இவளுக்குத் தந்தாள்.

"தினமும் இப்படியா?"

"முன்னாடில்லாம் நல்லாத்தான் ஓட்டினாரு. ரெண்டு மாசமாத்தான் இப்படி. அவருக்கு வீட்ல என்ன பிரச்சனையோ, பாவம்."

வீட்டில் என்ன பிரச்சனை என்று அவளுக்குத் தெரியாதா? அந்தப் பிரச்சனை இப்போது கம்பளி மேல் உட்கார்ந்திருந்தது. காலையில் தனக்காகத் தொலைத்த நேரத்தையெல்லாம், வண்டி நேரத்துக்கு வந்தது என்று டிப்போவில் டைம் கீப்பர் போடும் கையெழுத்துக்காக, அவன் இங்கே பிடித்துக்கொண்டிருந்தான். அவளுக்குக் கூசியது. இரண்டு மாதமாக அனுபவித்த சுகம் முழுக்க இந்த வரிசையிலிருந்து எடுத்தது.

டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர் அவளைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"தங்கச்சி... நீங்க எப்படி இதுல? இருங்க, அவன்கிட்ட சொல்லிட்டு வந்துடறேன்."

"வேணாம்ணே."

"இல்லம்மா, நீங்க இருக்கறது தெரிஞ்சா..."

"அதான் வேணாங்கறேன். ஆஸ்பத்திரிக்கு ஒரு டிக்கெட் குடுங்க."

ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் பின்வாசல் வழியாகவே இறங்கினாள். அந்தப் பெண் கைத்தாங்கலாகப் படிவரை வந்து விட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தாள். அவளுக்கு இன்னும் ஆறு நிறுத்தம் இருந்தது.

பிள்ளை நன்றாக இருக்கிறது, உதைக்கிறது, எடை சரியாக இருக்கிறது என்றார் டாக்டர். அவள் தலையாட்டினாள். அவள் பயம் வேறு. இத்தனை அன்பான மனிதனுக்குள் இன்னொருவன் இருக்கிறானா? தன் வீட்டுக்கு ஒருவன், ஊருக்கு ஒருவன் என்று இருக்கிற ஆளிடமா இந்தப் பிள்ளை வளரப்போகிறது? வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டால் நாளைக்கும் முதல் இருக்கை, தலையணை, ஆடாத பயணம் எல்லாம் அப்படியே கிடைக்கும். அந்த ஆசை வந்ததுதான் அவளை அதிகமாகச் சுட்டது.

சாயங்காலம் ஆறு மணிக்கு அவன் கூடத்தில் உட்கார்ந்து மேசை முனைகளில் ரப்பர் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தான். பிள்ளை பிறந்து, தவழ்ந்து, அந்த மேசையில் முட்டிக்கொள்ள இன்னும் ஒரு வருஷம் இருந்தது.

"டாக்டர் என்ன சொன்னாங்க?"

"நல்லா இருக்காம்."

"டாக்சி ஈசியா கெடச்சுதா?"

"டாக்சில போகல. பஸ்ல போனேன்."

"எந்த பஸ்ல?"

"ஒன்பது அஞ்சு வண்டில."

அவன் கையிலிருந்த ரப்பர் துண்டு அப்படியே நின்றது.  எழுந்து வந்து அவள் முன்னால் தரையில் உட்கார்ந்து வயிற்றையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ஏம்மா, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? நீ இருக்கேன்னு தெரிஞ்சிருந்தா மெதுவா ஓட்டியிருப்பேன்ல?"

"எம்பக்கத்துல ஒருத்தி இருந்தா. எட்டு மாசம், இல்ல ஒன்பது இருக்கும். ரெண்டு மாசமா தினமும் அதுலதான் போறா. அவ யார்கிட்ட சொல்லணும்?"

அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவனுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும், பதிலுக்குக் கத்தியிருக்கலாம். கம்பளியை மடித்துப் போட்டுக்கொள்வதையும், எந்த மேட்டில் எழுந்துகொள்ள வேண்டும் என்று அந்தப் பெண் தனக்குச் சொல்லித் தந்ததையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். வீட்டில் என்ன பிரச்சனையோ பாவம் என்று அவனுக்காக இரக்கப்பட்டதையும் சொன்னாள். 

"காலையில விட்ட நேரத்தைப் பிடிக்கணும்ல" என்றான் கடைசியில். சொல்லும்போதே அது அவனுக்கே நன்றாக இல்லை போலிருந்தது.

"காலையில விடாதீங்க."

"உனக்குக் குலுங்குமே."

"எல்லாருக்கும் எவ்வளவு குலுங்குதோ அவ்வளவு எனக்கும் குலுங்கட்டும். உங்க பொண்டாட்டின்னு தெரியாம எனக்குப் பாதி கம்பளி குடுத்தா அவ."

 அவன் ஒட்டாமல் மிச்சமிருந்த ரப்பரை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தான். பக்கத்து வீட்டில் யாரோ குழாயைத் திறந்து மூடினார்கள்.

"நாளைலேந்து நீ முன்னாடி உக்கார வேணாம்" என்றான்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"பின்வாசல்ல ஏறு. எனக்குத் தெரியாத எடமா பாத்து உக்காந்துக்கோ. எந்த டிரிப்புல வர்றே, எங்க எறங்கறே, எதுவும் என்கிட்ட சொல்லாதே."

"ஏன்?"

"தெரியலேன்னாத்தான் எல்லா டிரிப்புலயும் நீ இருக்கேன்னு ஓட்டுவேன்."

அவள் எழுந்துகொள்ள வேண்டும் என்று கையை நீட்டினாள். அவன் பிடித்துத் தூக்கிவிட்டான்.