நுனி மாறிய ஜோடி

ஆஸ்பத்திரியின் குரோமோசோம் பரிசோதனைக் கூடத்தில் பன்னிரண்டு வருடமாக வேலை பார்க்கும் அக்காவுக்குத் தன் வீட்டாரை நினைத்தாலே பற்றிக்கொண்டு வந்தது. தம்பி மனைவிக்கு மூன்றாவது கருவும் கலைந்திருந்தது. அம்மா வழக்கம்போல் மருமகளைத்தான் கரித்துக் கொட்டினாள்.

"அவ ரத்தத்தைப் பார்த்தாச்சும்மா. எல்லாம் ஒழுங்கா இருக்கு. இனி இவன்தான் குடுக்கணும்."

"அவனுக்கென்ன, கல்லு மாதிரி இருக்கான்!"

கல்லு மாதிரி இருந்தவன் ஒரு வாரம் தலைவலி என்றான், மறுவாரம் மீட்டிங் என்றான். கடைசியில் அக்காவே அவன் ஆபீஸுக்குப் போய்க் கையோடு இழுத்து வந்தாள்.

முதல் தடவை செல்கள் வளரவே இல்லை. மறுபடி ரத்தம் எடுத்து, மூன்று நாள் வளர்த்து, செல்கள் இரண்டாகப் பிரியப் போகும் நேரத்தில் மருந்து விட்டு நிறுத்தினாள். அப்போதுதான் குரோமோசோம்கள் தடித்துக் கண்ணுக்குத் தெரியும். கண்ணாடித் தகட்டில் சொட்டினால், ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே சிக்கல். பல்லைக் கடித்துக்கொண்டு சொட்டிக்கொண்டே இருந்தாள். பதினோராவது தகட்டில்தான் தனித்தனியாக விழுந்தன. ஜோடி சேர்த்து அடுக்கியதும் தெரிந்துவிட்டது. இரண்டு குரோமோசோம்கள் தங்கள் நுனிகளை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொண்டிருந்தன.

வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னாள்.

"எதுவும் குறையல, இடம்தான் மாறியிருக்கு. அதனால இவன் நல்லா இருக்கான். ஆனா விந்தணு உண்டாகும்போது ஜோடி பிரிஞ்சு ஆளுக்கொரு பக்கம் போகும். அப்ப சிலதுக்கு ஒரு துண்டு கூடிடும், சிலதுக்கு இல்லாமலே போயிடும். அந்தக் கரு தங்காது. சரியா பிரிஞ்சதும் உண்டு, அது தங்கும்."

"அப்ப எம்புள்ள மேல பழியா?"

"ஐயோ அம்மா! யார் மேலயும் பழி இல்ல. உங்கிட்டருந்தோ அப்பாகிட்டருந்தோகூட வந்திருக்கலாம்."

அம்மா மகள் பக்கம் திரும்பினாள். பிறகு, "உனக்கு முன்னால எனக்கும் ரெண்டு தங்கல" என்றாள்.

"இதை முதல்லயே சொல்றதுக்கு என்ன?" அக்கா கத்தியே விட்டாள்.

மருமகள் கேட்டாள்: "அப்ப உங்களை யாரும் ஒண்ணும் சொல்லலையா அத்தை?"

"சொல்லாத ஆள் கிடையாது."

மருமகள் மாமியாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவால் தலை நிமிர முடியவில்லை.

மறுவாரம் அம்மா தானாகவே ஆஸ்பத்திரிக்கு வந்து கையை நீட்டினாள். மாறிய நுனிகள் அவளிடமும் இருந்தன.