இடி என்று சொன்னாள்

லியோனா ஈரப் புல்லில் மண்டியிட்டு, சுடுபவர்கள் நிற்கும் ஐந்து இடங்களில் மூன்றாவதன் மைக் ஒயரைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். இறுதிச் சடங்கு முடிந்து தேவாலயத்திலிருந்து கார்கள் வந்துசேரச் சற்று நேரம் இருந்தது. மக்காச்சோள வயல்களுக்கு அப்பால் மேற்கு வானம் மறுபடியும் கறுத்துக்கொண்டு வந்தது.

"என்ன பண்ற?" என்று கேட்டபடி டுவேன் வந்தான். அந்தத் துப்பாக்கி மன்றத்தின் தலைவன். இறந்துபோன லியோனாவின் அண்ணன் ஓரினுடன் பள்ளிக்கூட நாளிலிருந்தே பழகியவன்.

"ஒயரைக் கழட்டுறேன்."

"மாக்சீன் கூப்பிட வேண்டாமா? போனவன் நின்ன இடத்துல பொண்டாட்டி நின்னு 'இழு'ன்னு சொல்லணும், களிமண் தட்டு பறக்கணும், யாரும் சுடக்கூடாது. எங்கப்பாவுக்கும் அப்படித்தானே பண்ணோம்?"

"அவ சொல்லட்டும். நான் பின்னால உக்காந்து பொத்தானை அழுத்துறேன். தட்டு பறந்தாப் போதாதா?"

"மைக்குதான் நல்லா இருக்கே. சத்தம் கேட்ட உடனே எறியுதே."

லியோனா ஒயரைச் சுருட்டினாள். டுவேன் அவளையே பார்த்தான்.

"இடின்னுதானே சொன்ன?"

"இடிதான்."

அவன் தொப்பியைக் கழற்றினான், மீண்டும் அணிந்துகொண்டான், உணவுக்கூடத்தை நோக்கி நடந்தான்.

மைதானத்தின் முன்புறம், பாதி மண்ணுக்குள் புதைந்திருந்தது அந்தக் குழியறை. களிமண் தட்டுகளை வானில் எறியும் எந்திரம் அதற்குள் இருந்தது. சுடுபவர் 'இழு' என்று கூவுவார்; ஆனால் மைக் எந்தச் சத்தத்தைப் பிடித்தாலும் எந்திரம் எறிந்துவிடும். உள்ளே இறங்குபவர் முதலில் அதை நிறுத்திவிட வேண்டும் என்பது விதி. சென்ற சனிக்கிழமை, மைதானத்தில் எவரும் இல்லையே என்ற எண்ணத்தில், ஓரின் அதை நிறுத்தாமலேயே தட்டுகளை அடுக்க இறங்கினான். காப்பிக் குடுவையுடன் வந்த மாக்சீன், அவன் வழக்கமாகச் சுடும் மூன்றாவது இடத்தில் நின்று, கணவனைப் பெயர் சொல்லி அழைத்தாள். இடியும் இடித்தது, அது பொய்யன்று. எந்திரத்தின் இரும்புக் கை வீசியது, ஓரினின் உயிர் அங்கேயே போயிற்று.

எது முந்தியது என்பது காரருகே நின்ற தனக்கு மட்டுமே தெரியும் என்று லியோனா நம்பினாள். விசாரிக்க வந்த அதிகாரியிடம் இடி என்று சொன்னாள். அவரும் அவ்வாறே எழுதிக்கொண்டார். மாக்சீன் அப்போது ஒன்றும் கேட்கவில்லை, இன்றுவரை கேட்கவில்லை.

கூட்டம் வந்தது. உணவுக்கூடத்தில் ஆண்கள் சாப்பாட்டுத் தட்டுகளை ஏந்தி வரிசையில் நின்றார்கள்.

"ஓரின் இருந்தா இந்த உருளைக்கிழங்கு சாலட்டை மேல எறிஞ்சு சுடச் சொல்லியிருப்பான்."

"நீ சுட்டா அதுவும் முழுசாத்தான் கீழ வரும்."

சிரிப்பு எழுந்தது. மாக்சீன் உள்ளே வந்ததும் அடங்கிப்போயிற்று. கறுப்பு உடையின் மேல் ஓரினின் சுடும் மேலங்கியை அவள் அணிந்திருந்தாள். தோட்டா வைக்கும் பைகள் இடுப்புக்குக் கீழே தொங்கின.

எல்லோரும் மைதானத்துக்கு வந்தார்கள். நான்கு பேர் தத்தம் இடங்களில் துப்பாக்கிகளைத் தாழ்த்தி நின்றார்கள். மாக்சீன் மூன்றாம் இடத்துக்குப் போனாள். லியோனா அவளுக்குப் பின்னால் நாற்காலியில் அமர்ந்து, பொத்தானை மடியில் மறைத்துக்கொண்டாள். குரலுக்கும் எந்திரத்துக்கும் தொடர்பே இல்லை என்று தோன்றும்படி, வேண்டுமென்றே தாமதித்து அழுத்துவதாக அவள் தீர்மானித்திருந்தாள்.

"இழு," என்றாள் மாக்சீன்.

லியோனா ஒரு மூச்சு பொறுத்தாள், அழுத்தினாள். செம்மஞ்சள் தட்டு எழும்பிப் பறந்து, தூரத்துப் புல்லில் உடையாமல் விழுந்தது.

மாக்சீன் அதைப் பார்க்கவில்லை. திரும்பி நின்றிருந்தாள்.

"மைக் இவ்வளவு நேரம் எடுத்துக்காது, லியோனா."

"என்ன சொல்ற?"

"அன்னிக்கு அவன் பேரை நான் முழுசாச் சொல்லி முடிக்கல. அதுக்குள்ள உள்ள சத்தம் கேட்டுது. இடி அதுக்கு அப்புறம்தான்."

டுவேன் தலையைக் குனிந்துகொண்டான்.

"இடின்னு எனக்காகத்தான் சொன்ன. தெரியும்," என்றாள் மாக்சீன். "ஒயரைச் செருகு."

"வேண்டாம், மாக்சீன். மழை வருது, உள்ள போகலாம்."

"செருகு."

லியோனா நாற்காலியை விட்டு எழுந்தாள், மண்டியிட்டாள். முதல் முறை செருகியின் வாய் அகப்படவில்லை. இரண்டாம் முறை பொருந்தியது. மைக்கின் பச்சை விளக்கு எரிந்தது.

மாக்சீன் குழியறையைப் பார்த்தபடி நின்றாள். அவளுடைய உதடுகள் மூடியே இருந்தன. மைக்கின் அருகே மண்டியிட்டிருந்த லியோனா எழுந்திருக்கவில்லை. மூச்சையும் மெல்ல விட்டாள். பின்னால் நின்ற கூட்டத்தில் எவரும் இருமவில்லை, செருமவில்லை. கடைசி வரிசையில் ஒரு பெண், சிணுங்கத் தொடங்கிய கைக்குழந்தையின் முகத்தைத் தோளில் அழுத்திக்கொண்டு, சரளைக்கல் பாதையைத் தவிர்த்து, புல்லின் மேலேயே கார்களை நோக்கி விரைந்தாள்.